ஃபின்டன் பார்க்காத பந்து

மாலக்கியின் காரில் முன் சீட்டு யாருக்கு என்பது இருபத்திரண்டு வருஷச் சண்டை. பாட்ஸிக்கு இடது முழங்கால் மடங்காது. பின் சீட்டில் உட்கார்ந்தால் ஃபின்டன் ஹார்டிகனுக்கு வயிற்றைப் புரட்டும். ஆட்டமுள்ள ஞாயிற்றுக்கிழமை கார் சர்ச் வாசலில் வந்து நின்றதும் இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடுவார்கள். கதவை முதலில் தொட்டவனுக்குச் சீட்டு. ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டால், கேட்டவனையும் தள்ளிவிட்டு ஓடுவார்கள். ஆனால் அந்த டிசம்பர் ஞாயிறு பாட்ஸி ஓடவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி, கூட வரும் கார்மடி அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் மடங்காத காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

“என்னடா, முன்னாடி வரல?” என்றான் ஃபின்டன்.

“நீ உக்காருப்பா. எனக்கு இங்கதான் வசதி.”

என்ன வசதியோ. அவனுடைய பூட்ஸ் கியர் கம்பியை இடித்துக்கொண்டிருந்தது.

ஃபின்டனின் மனைவி ட்ரீசா இறந்து அன்றோடு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் ஊரில் ஒருத்தர்கூட அவனிடம் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அயர்லாந்தில் லிமரிக் மேற்குப் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. சாதாரண நாளில் மனுஷனை நாக்காலேயே தோலுரித்துத் தொங்கவிடுவார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் போதும், அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதவாக்கு. ஒரு நாள் ஃபின்டன் தபால்காரரிடம், “இன்னிக்குப் புதன்தானே?” என்று கேட்டான். வியாழக்கிழமை. அந்த மனுஷர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஆமா, கிட்டத்தட்ட” என்றாராம்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எழுநூறு பேருக்குக் குறையாது. எழுநூறு கை. எழுநூறு தடவை, “உங்க கஷ்டத்துக்கு வருத்தம்.” ஃபின்டன் ஒவ்வொரு கையையும் குலுக்கினான், ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். அழுகை மட்டும் வரவில்லை. நாளைக்கு வரும் என்று நினைத்தான். அடக்கம் முடிந்தது, மாதப் பூசை முடிந்தது, வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது முழு உடம்பும். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் பதினொன்று சமையலறையில் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. பத்தின் அடியில் பெயர் ஒட்டியிருந்தது. ஒரு நீலப் பாத்திரத்தில் மட்டும் பெயர் இல்லை. அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் இந்த ஏழு வாரத்தில் அவன் உருப்படியாக யோசித்த ஒரே விஷயம்.

மாலக்கி ட்ரீசாவின் தம்பி, கேலிக் கால்பந்தில் ரெஃப்ரி. இங்கே ரெஃப்ரி ஆனவன் கோல் கம்பங்களின் பக்கத்தில் நிற்கும் தன் நான்கு அம்பயர்களையும் தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். தம்பியோ, மச்சானோ, பக்கத்து வீட்டுக்காரனோ, யாரை நம்புகிறானோ அவர்கள். ஐந்து பேரும் ஒரே காரில் போய், ஒரே ஃபிளாஸ்கில் டீ குடித்து, ஒன்றாகவே திட்டு வாங்கி வருவார்கள். முந்தின செவ்வாய்க்கிழமை மாலக்கி ஃபின்டனின் சமையலறைக்கு வந்து நின்றான். மன்ஸ்டர் மாகாணத்து ஜூனியர் கிளப் இறுதி ஆட்டத்துக்கு அவனை ரெஃப்ரியாகப் போட்டிருந்தார்கள். ஜூனியர் என்றால் பொடிப்பயல்கள் இல்லை. முப்பத்தொன்பது வயதுக்காரனும் வழுக்கைத் தலையோடு ஆடுவான். சின்ன ஊர்களுக்கான பிரிவு அது. ஒரு சின்ன ஊருக்கு அதற்கு மேலே வானம்தான்.

“வேற ஆளைக் கூட்டிட்டுப் போகலாம் மச்சான்,” என்றான் மாலக்கி. “உனக்கு முடியலைன்னா ஒண்ணும் இல்ல.”

“வரேன்,” என்றான் ஃபின்டன்.

அவனுக்கு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் கோல் கம்பத்தின் பக்கத்தில் நிற்பது ஒன்றுதான் அவன் வாழ்க்கையில் சரியாகச் செய்த காரியம். விவசாயம் சுமார், மரவேலை சுமார், வீட்டுக்காரனாகவும் சுமார்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் பார்க்காமல் ஒரு கொடி தூக்கியதில்லை. ஃபின்டன் கொடி தூக்கினால் அது புள்ளி. ஃபின்டன் தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வைத்தால் அது வெளியே போன பந்து. எதையும் ஒப்புக்கொள்ளாத பக்கத்துக் கவுன்டி கெர்ரிக்காரன்கூட அதை ஒப்புக்கொள்வான். ட்ரீசா போனபின் அவனிடம் மிச்சமிருந்தது இந்தப் பேர் ஒன்றுதான்; அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்தான்.

காரில் வேண்டுமென்றே ஒன்று சொல்லிப் பார்த்தான்.

“இன்னிக்குக் கில்டோரின் தோத்துடும்.”

கில்டோரின் கெர்ரி கவுன்டி கிளப். கெர்ரி கிளப் இந்தக் கோப்பையைத் தோற்பது அபூர்வம். வேறு நாளாக இருந்தால் பாட்ஸி சீட்டைப் பிடித்து எழுந்து, ஆட்டம் நடக்கும் மேலோ ஊர் போய்ச் சேரும் வரை கத்தியிருப்பான்.

“தோத்தாலும் தோப்பாங்க,” என்றான் பாட்ஸி.

ஃபின்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேலிகளும் மாடில்லாத வயல்களும் போய்க்கொண்டிருந்தன.

மேலோவில் மைதானம் ஈரமாக இருந்தது, வானம் சுத்தமாக இருந்தது. பனிமூட்டம் இல்லை, எதிர்வெயில் இல்லை, காற்றுகூட இல்லை. பின்னால் சாக்கு சொல்ல ஒரு துளி மேகம் கிடையாது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபின்டனும் பாட்ஸியும் நகர்ப்பக்கத்துக் கோலுக்குப் போனார்கள். கார்மடிகள் எதிர்ப்பக்கம். ஆளுக்கொரு கம்பம். வெள்ளைக் கொடி ஃபின்டனின் காலடியில் ஈர மண்ணில் குத்தி நின்றது. பச்சைக் கொடி, கோலுக்கானது, பாட்ஸியிடம்.

கில்டோரினை எதிர்த்து ஆடியது பாலிநரூன். வாட்டர்ஃபோர்ட் மலைப்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச், இரண்டு மதுக்கடை, அவ்வளவுதான் ஊர். அதிலும் ஒரு மதுக்கடை வாரத்தில் நாலு நாள் மூடியிருக்கும். தங்கள் கவுன்டிக்கு வெளியே அவர்கள் ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. மூன்று பஸ்ஸில் வந்திருந்தார்கள். மதிலோரம் கைக்குழந்தைகள் முதற்கொண்டு எல்லோரும் சிவப்புத் துண்டு சுற்றியிருந்தார்கள்.

முதல் பாதி ஃபின்டனின் கைகள் அவனைக் கேட்காமலே வேலை செய்தன. இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் புள்ளி, வெள்ளைக் கொடி. வெளியே போனால் கைகள் தலைக்கு மேல். நாலு புள்ளி, ஐந்து வெளிப்பந்து, எல்லாம் சரி. ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து மறுபடி வெளியே வந்தது; அதையும் சரியாகச் சொன்னான். பரவாயில்லை, கண்ணுக்கு மனசு தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறி, பாலிநரூனின் கோலி அவன் முன்னால் வந்து நின்றான். டெக்லன் பவர் என்று பெயர். செம்பட்டைத் தாடி, கதவளவு முதுகு. வாய் ஓயாது. தன் ஆட்களை நோக்கிக் கத்தாத நேரமெல்லாம் அம்பயர்களிடம் பேச்சு.

“எங்க ஊர்ல இன்னிக்கு ஒரே ஒரு ஆளுதாங்க இருக்காரு. ஊர் மாடு மொத்தமும் அவர்தான் கறக்கணும். சீட்டு குலுக்கிப் போட்டோம்.”

“யாருக்கு விழுந்தது?” என்றான் பாட்ஸி.

“பாதிரியாருக்கு.”

“அவருக்குப் பால் கறக்கத் தெரியுமா?”

“சாயங்காலம் தெரிஞ்சிடும்.”

பாட்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இது சிரிக்க வேண்டிய இடம் என்று ஃபின்டனுக்கும் தெரிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தை எழுப்பி வெளியே விட்டான்.

“எனக்கு இதுதாங்க கடைசி,” என்றான் பவர், பந்து மறுகோடியில் இருந்தபோது. “முப்பத்தொன்பது முடிஞ்சிடுச்சு. இருபத்தோரு வருஷமா இந்தக் கம்பத்துக்கு நடுவுல நின்னு நின்னு எம் பொண்டாட்டி என்னைக் கம்பம்னே கூப்பிடுறா. டேய் ஷேமி! அந்த நெட்டையன புடிடா, உன் சித்தப்பனா அவன்? இன்னிக்கு ஜெயிச்சா நாளைக்கு செத்தாக்கூடப் பரவாயில்லைங்க.”

கில்டோரினின் அந்த நெட்டையன் உதைத்த பந்து மேலே வந்தது. ஃபின்டன் கொடியை அசைத்தான். புள்ளி.

ஆட்டம் அப்படியே ஏறியிறங்கியது. பாலிநரூன் ஒரு கோல் அடித்தபோது எதிர்க்கோடியில் மூன்று பஸ் ஜனமும் ஒரே தொண்டையாகக் கத்தியது. ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. கில்டோரின்காரர்கள் அவசரப்படாமல் ஒன்று ஒன்றாக அடித்துத் திரும்ப எட்டிப் பிடித்தார்கள். கெர்ரிக்காரர்களுக்குப் பொறுமை தாய்ப்பாலோடு வருவது. ஐம்பத்தெட்டாவது நிமிஷம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இன்னும் இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தால் கூடுதல் நேரம், பத்துப் பத்து நிமிஷம். பாலிநரூன் பையன்கள் வயதில் இளையவர்கள், ஓடக்கூடியவர்கள். கூடுதல் நேரம் போனால் கோப்பை மலைக்குத்தான் என்று மதிலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நெட்டையனிடம் பந்து போனது. நாற்பது கஜம். அவன் இரண்டு எட்டு வைத்தான்.

அந்த நேரம் பார்த்து ஃபின்டனுக்கு நீலப் பாத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் வந்தது உருளைக்கிழங்கும் ஹாமும். உருளைக்கிழங்கின் மேலே ஜாதிக்காய்ப் பொடி தூவியிருந்தது. ஊரில் ஜாதிக்காய்ப் பொடி போடுகிறவர்கள் யார்? மருந்துக்கடைக்காரரின் மனைவி போடுவாள். ஆனால் அவள் பெயர் ஒட்டாமல் எதையும் கொடுக்க மாட்டாள். அப்படியானால் பேக்கரிக்குப் பின்னால் குடியிருக்கும்…

இரைச்சல் காதில் அடித்தது. தலையை நிமிர்த்தினான். பந்து அவனுக்குப் பின்னால் வலையைத் தாண்டி மதில் பக்கம் துள்ளிக்கொண்டிருந்தது. கில்டோரின் ஜனம் கைகளை உயர்த்திக் குதித்தது. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து போனது அவனுடைய கம்பத்தின் பக்கம், கம்பத்தின் உச்சியையும் தாண்டிய உயரத்தில். உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியவன் அவன் ஒருத்தன்தான்.

அவன் அந்தப் பந்தைப் பார்க்கவேயில்லை.

கோலின் அந்தப் பக்கத்தில் பாட்ஸியின் இரண்டு கைகளும் மேலே போய்க்கொண்டிருந்தன, தலைக்கு மேல் குறுக்கே வைக்க. அதற்குள் ஃபின்டனின் கை, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், இரைச்சலைக் கேட்டு, வெள்ளைக் கொடியைப் பிடுங்கி உயர்த்திவிட்டது. பாட்ஸியின் கைகள் பாதி வழியில் நின்றன. பிறகு காதுப் பக்கம் இறங்கிக் காதைச் சொறிந்தன.

“என்னங்க இது?” பவர் நின்ற இடத்திலேயே திரும்பினான். “வெளிய போச்சுங்க அது. சத்தியமா வெளிய.”

மாலக்கி மூச்சிரைக்க ஓடிவந்தான். பவர் அவன் மார்பில் இடிக்காத குறையாக நின்று பேசினான். மாலக்கி அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பாட்ஸியைப் பார்த்தான்.

“அது ஃபின்டனோட கம்பம்,” என்றான் பாட்ஸி, புல்லைப் பார்த்து.

மாலக்கி ஃபின்டனிடம் வந்தான். அம்பயர் சொல்வது தப்பு என்று பட்டால் ரெஃப்ரி அந்த இடத்திலேயே அதை ரத்து செய்யலாம். ஒரு கை அசைத்தால் போதும்.

“சரிதானே மச்சான்?”

ஃபின்டனின் வாயில் ‘தெரியாது’ என்ற வார்த்தை இருந்தது. ஒரு கணம் இருந்தது. அதைச் சொன்னால் மிச்சமிருந்த பேரும் அதோடு போய்விடும்.

“சரி,” என்றான்.

மாலக்கி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி, கையால் புள்ளி என்று காட்டினான். கோலி பந்தை உதைத்தான், அது நடுவில் எங்கேயோ சிக்கிச் சுழன்றது, நீண்ட விசில் ஊதியாகிவிட்டது. பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. பாலிநரூன் பையன்கள் நின்ற நின்ற இடத்தில் சேற்றில் உட்கார்ந்தார்கள். பவர் மட்டும் உட்காராமல் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஃபின்டன் கொடியைச் சுருட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனான். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று கவனித்துக்கொண்டே நடந்தான்.

ரெஃப்ரி அறையில் ஒரு ஹீட்டர், ஒரு மேஜை, மாலக்கியின் மனைவி கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சுகள். கார்மடிகள் கொடிகளைக் காரில் வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு நழுவினார்கள். நாலு கொடிக்கு இரண்டு ஆள்.

“பாட்ஸி,” என்றான் ஃபின்டன். “உன் கை மேல போச்சே.”

“எப்ப?”

“கடைசிப் பந்துக்கு.”

“காது அரிச்சுது.”

“ரெண்டு கையாலயும் ஒரு காதையா சொறிஞ்ச?”

பாட்ஸி சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். மறுபடி மூடினான்.

“உள்ளயா, வெளியயா? உண்மையைச் சொல்லு.”

“விடுப்பா.”

“சொல்லுடா.”

“ரெண்டு அடி வெளிய,” என்றான் பாட்ஸி. “பாதிரியார் மாட்டுக்கடியில உக்காந்து பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.” சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்தவன் போல மாலக்கியைப் பார்த்தான்.

“உனக்கு?” ஃபின்டன் மாலக்கியிடம் திரும்பினான். “நீ அந்த நெட்டையனுக்கு நேர் பின்னாடிதானே நின்ன?”

மாலக்கி அறிக்கைத் தாளில் ஸ்கோரை எழுதிக்கொண்டிருந்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

“பார்த்தேன். வெளியதான்.”

“அப்புறம் ஏன்டா கொடுத்த?”

“நீ கொடியத் தூக்கிட்ட மச்சான்.”

“நான் கொடி தூக்கினா? நீ ரெஃப்ரி. இல்லன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா?”

“எப்படிச் சொல்லச் சொல்ற?” மாலக்கி தாளைத் தள்ளி வைத்தான். “அவ எனக்கு அக்கா. ஏழு வாரமா உன் முகத்தைப் பார்க்க முடியல. அந்த முகத்தை வச்சுக்கிட்டு நீ சரின்னு சொல்ற. ரெண்டாயிரம் பேர் முன்னாடி உன் கொடிய இறக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். திட்டணும்னா திட்டு.”

ஃபின்டன் கோபத்துக்காகக் காத்திருந்தான். இப்போதாவது வர வேண்டாமா? மூன்று பேர் பார்க்க வேண்டிய பந்து. இரண்டு பேருக்கு வெளியே என்று தெரியும், மூன்றாமவன் பார்க்கவே இல்லை. இந்தப் பாவிகளின் இரக்கத்துக்கு ஒரு மலை ஊர் கோப்பையைப் பறிகொடுத்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. கோபம் வரவில்லை. ஹீட்டர் சத்தம்தான் கேட்டது.

“நான் அந்தப் பந்தைப் பார்க்கல மாப்ள.”

“என்னது?”

“பார்க்கவே இல்ல. வேற யோசனைல இருந்தேன். சத்தம் கேட்டுத் தூக்கிட்டேன்.”

மாலக்கி நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான். “இது இந்த ரூமோட இருக்கட்டும்” என்றான். “வெளிய தெரிஞ்சாலும் ஸ்கோர் மாறாது. அம்பயர் தப்புக்கு ஆட்டத்தைத் திரும்ப வைக்க மாட்டாங்க. பேருதான் கெடும். உனக்கு இனிமே எவனும் கொடி கொடுக்க மாட்டான்.”

“பாலிநரூன்காரங்ககிட்டச் சொல்லிட்டு வரேன்.”

“வேணாம்.” மாலக்கி எழுந்தான். “போகாத. இல்ல, நான் விடமாட்டேன்.”

ஏழு வாரத்தில் முதல் ‘இல்லை’. ஃபின்டனுக்கு அது நன்றாகக்கூட இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு போனான்.

பாலிநரூன் உடைமாற்றும் அறையில் முப்பது பேர் இருந்தும் சத்தமே இல்லை. ஆவி, சேறு, தைலத்தின் நெடி. ஒருவன் துண்டைத் தலையில் போட்டு மூடிக்கொண்டிருந்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“நான் லிமரிக். உங்க கோல்ல நின்ன அம்பயர்,” என்றான் ஃபின்டன். “கடைசிப் பந்து வெளிய போச்சு. நான் அதைப் பார்க்கல. பார்க்காமலே கொடி தூக்கினேன். ரெஃப்ரி கேட்டப்பவும் சரின்னு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர்களுடைய மேனேஜர், நரைத்த மனுஷர், தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரிங்க. எல்லாருக்கும் தப்பு நடக்கும். நேர்ல வந்து சொன்னீங்களே, அதுக்கு…”

“சும்மா இருங்க மாமா.”

பவர் மூலையிலிருந்து எழுந்து வந்தான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். நேரே வந்து ஃபின்டனின் மூக்குக்கு முன்னால் நின்றான்.

“பார்க்கலையா? யோவ், வேற என்னய்யா வேலை உனக்கு அங்க? ஆடச் சொன்னாங்களா? ஓடச் சொன்னாங்களா? நின்னு பார்க்கச் சொன்னாங்க. ரெண்டு கண்ணு, ஒரு பந்து. அதுகூட முடியாதா?”

“இல்ல. முடியல.”

“இவனைப் பாரு.” துண்டு மூடியவனைக் காட்டினான். “காலு எலும்புல விரிசலோட ஆடினான். அவனைப் பாரு, ஆஸ்திரேலியா டிக்கெட்டை நாலு மாசம் தள்ளிப் போட்டுட்டு ஆடினான். எங்கப்பன் காலத்துல இருந்து இந்த ஒரு நாளுக்காகக் கெடக்கறோம். தோத்துப் போயிருந்தா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்போம்யா. நீ எங்களைத் தோக்கக்கூட விடல.”

மேனேஜர் அவன் தோளைத் தொட்டார். பவர் உதறிவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

“இங்க வந்து சொல்லிட்டா உன் பாரம் இறங்கிடுமா? எங்ககிட்டச் சொல்லாத. வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு. இன்னிக்கு ஒரு ஊரையே வயித்துல அடிச்சிட்டு வந்தேன்னு சொல்லு. அவ முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அப்பத் தெரியும் உனக்கு.”

ஃபின்டன் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இறந்துவிட்டாள், ஏழு வாரம் ஆகிறது. அடுத்த நொடி இந்த அறையில் முப்பது முகமும் மாறிவிடும். இந்தச் செம்பட்டைத் தாடிக்காரன் தொப்பென்று அடங்கி, கையை நீட்டி, உங்க கஷ்டத்துக்கு வருத்தம் என்பான். மேனேஜர் நாற்காலி போடுவார். யாராவது டீ கொண்டு வருவார்கள். பந்து வெளியே போனது எல்லோருக்கும் மறந்துபோகும்.

அவன் அதைச் சொல்லவில்லை.

“சொல்றேன்,” என்றான்.

பவர் திரும்பிப் போய் மூலையில் உட்கார்ந்து மிச்ச பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. மறுகோடியில் கில்டோரின் அறையில் பாட்டு கேட்டது. ஃபின்டன் சுவரோரமாக நடந்தான். நடந்துகொண்டே, ட்ரீசாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான். ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு கொடியாக ஒப்பிப்பான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமலே தீர்ப்பு சொல்வாள். தப்பு என்று பட்டால் விடமாட்டாள். கரண்டியோடு திரும்பி நிற்பாள். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டியதுதான், சுற்றி வளைத்தால் அவளுக்குப் பிடிக்காது. ட்ரீசா, இன்னிக்கு ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். என்ன பண்ணின? ஒரு பந்தைப் பார்க்கல. ஏன் பார்க்கல?

ஏன் பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். நீ செத்துப்போனதால் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

அவனுடைய கால்கள் நின்றுவிட்டன. சுவரைப் பிடிக்கப் பார்த்தான், பிடிக்கவில்லை. சேறு படிந்த சிமென்ட் தரையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்தான். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஏறி வந்தது, வாயைப் பொத்தினான், விரல்களின் வழியே வந்தது. அது அவனே கேட்டறியாத சத்தமாக இருந்தது. தாங்க முடியாத வலி. ஏழு வாரத்து வலி முழுவதும் ஒரே நேரத்தில் வந்தது.

மாலக்கி ரெஃப்ரி அறையிலிருந்து ஓடிவந்தான், விசில் கழுத்தில் ஆட. பின்னாலேயே பாட்ஸி நொண்டிக்கொண்டு வந்தான்.

“என்ன ஆச்சு? அடிச்சானா அவன்? மச்சான், என்னைப் பாரு. என்ன சொன்னான்?”

ஃபின்டனுக்கு மூச்சு பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. மாலக்கியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

“ட்ரீசாகிட்டப் போய்ச் சொல்லணுமாம் மாப்ள,” என்றான். “நான் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”